பிள்ளையார் சுழிக்குக் கீழே ஒரு பக்கம்

விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் அருள்பாலிக்கிறார் கொளஞ்சியப்பர். முருகப்பெருமானே இங்கு உருவத் திருமேனி இன்றி, பலிபீட வடிவில் சுயம்புவாக எழுந்தருளியிருப்பதாக ஐதிகம். இத்தலத்துக்கு வரும் பக்தர்கள் பலரது கையில், அர்ச்சனைத் தட்டோடு ஒரு வெள்ளைத் தாளும் இருக்கும். அதில் தங்கள் குறையை எழுதுகிறார்கள். பெயர், ஊர், நேர்ந்த துன்பம், வேண்டும் நீதி என்று அதிகாரியிடம் மனுக் கொடுப்பது போலவே எழுதி, சுவாமியின் திருவடியில் வைத்து எடுத்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டுச் செல்கிறார்கள். 'பிராது கட்டுதல்' என்பது இதன் பெயர்.

எல்லாம் அறிந்த இறைவனுக்கு எழுதித்தான் தெரிவிக்க வேண்டுமா என்ற கேள்வி எழலாம். இறைவனுக்கு அது தேவையில்லை, எழுதுபவருக்குத் தேவை. 'மனசு சரியில்லை' என்று வாயால் சொல்லிவிடலாம். தாளில் அப்படி எழுத முடியாது. யாரால், எதனால், எப்போதிருந்து என்று எழுத வேண்டும். என்ன வேண்டும் என்றும் எழுத வேண்டும். எழுத உட்கார்ந்த பிறகே, தன் குறை இன்னதென்று தனக்கே தெளிவாகத் தெரியவில்லை என்பதைப் பலர் உணர்கிறார்கள். அந்தத் தெளிவு பிறக்கும்போதே பாரத்தில் ஒரு பகுதி இறங்கிவிடுகிறது.

பிராது என்பது வாழ்வின் பெரிய இடர்களுக்கானது. அன்றாடச் சங்கடங்களுக்கு என்ன வழி? தினமும் இரவில், வீட்டுப் பூஜை அறையின் வாசலில் அமர்ந்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதுவதே அந்த வழி. நாட்குறிப்பு எழுதுதல் என்று எளிமையாகச் சொல்லப்படும் இப்பழக்கம், மனநலத்துக்குத் துணைபுரியும் என்று மருத்துவ உலகமும் இன்று ஆராய்ந்து வருகிறது.

சொல்ல முடியாத ஒரு பாரம்

பல இல்லங்களில் காணப்படும் ஒரு நிலை உண்டு. மறதி நோயால் பீடிக்கப்பட்ட முதிய தாய். அவரைப் பகலும் இரவும் பார்த்துக்கொள்ளும் மகள். அத்தகைய ஒரு மகளை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். வயது ஐம்பதைக் கடந்தவர். அந்திப்பொழுது வந்ததும் தாய் அமைதி இழக்கிறார். 'வீட்டுக்குப் போகணும்' என்கிறார். சொந்த வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு சொல்கிறார். ஒரு முறை, இரு முறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இருபதாவது முறையில் மகள் கத்திவிடுகிறார். தாய் பயந்து சுவரோரம் ஒதுங்குகிறார். பத்து நிமிடத்தில் தாய்க்கு அது மறந்துவிடுகிறது. மகளுக்கு மறக்கவில்லை.

மறுநாள் பிரதோஷம். கோயிலுக்குச் செல்கிறார். நந்தியின் கொம்புகளுக்கிடையே எல்லோரும் சுவாமியைத் தரிசிக்கும்போது இவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பெற்ற தாயை அதட்டிய வாயால் எப்படிப் பதிகம் பாடுவது? கணவரிடம் சொல்லலாம், 'உனக்குப் பொறுமை வேண்டும்' என்பார். அக்கம்பக்கத்தில் சொன்னால் ஊர் பேசும். இரவில் படுத்ததும் அந்தச் சுவரோரக் காட்சியே திரும்பத் திரும்ப வருகிறது.

இந்த மகளுக்கு உபதேசத்தால் பயனில்லை. எவரும் குறுக்கே பேசாமல், தன் மனத்தை முழுவதும் இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டும்.

விநாயகரும் வியாசரும் விதித்த நிபந்தனைகள்

எதை எழுதத் தொடங்கினாலும் தாளின் தலைப்பில் பிள்ளையார் சுழி போடுவது தமிழர் மரபு. மளிகைக் கணக்கு, திருமண அழைப்பு, பொங்கலுக்கு வாங்க வேண்டிய சாமான் பட்டியல் எல்லாவற்றுக்கும் அந்த 'உ' தலையில் நிற்கும். விநாயகர் விக்கினங்களைக் களைபவர் மட்டுமல்லர். எழுதுபவர்களுக்கெல்லாம் முன்னோடியும் அவரே. வியாசர் சொல்லச் சொல்ல, ஒடித்த தந்தத்தையே எழுத்தாணியாக்கி மகாபாரதத்தை எழுதியவர் என்பது புராணச் செய்தி.

அந்த வரலாற்றில் இரு நிபந்தனைகள் வருகின்றன. 'நான் எழுதத் தொடங்கினால் என் எழுத்தாணி நிற்கக் கூடாது. இடைவிடாமல் சொல்ல வேண்டும்' என்றார் விநாயகர். வியாசரும் ஒரு நிபந்தனை விதித்தார். 'சொல்வதன் பொருளை உணர்ந்துகொண்ட பிறகே எழுத வேண்டும்' என்றார். ஒருவருக்கு ஓட்டம் வேண்டும்; மற்றவருக்கு உணர்வு வேண்டும். இரண்டும் சேர்ந்தபோது பாரதம் பிறந்தது.

நாட்குறிப்பு எழுத விரும்புவோருக்கு இவ்விரு நிபந்தனைகளே போதிய வழிகாட்டி. முதலில், கை நிற்காமல் எழுத வேண்டும். சொல் அழகையோ பிழையையோ பார்க்கக் கூடாது. பிறகு, எழுதியதன் பொருளை உணர முயல வேண்டும். ஏன் இப்படி நேர்ந்தது, இதில் தன் பங்கு என்ன என்று வினவ வேண்டும்.

எழுத்தோடு தொடர்புடைய தெய்வக் காட்சிகள் இன்னும் உண்டு. காஞ்சிபுரத்தில் தனிக்கோயில் கொண்டுள்ள சித்திரகுப்தர், வலக்கரத்தில் எழுத்தாணியும் இடக்கரத்தில் ஏடும் தாங்கியவர். உயிர்களின் நன்மை தீமைகளைப் பதிவு செய்பவர் என்று போற்றப்படும் அவருக்குச் சித்ரா பௌர்ணமி நாளில் ஏடும் எழுத்தாணியும் வைத்து வழிபடுகிறார்கள். தில்லையிலோ, மாணிக்கவாசகர் சொல்லச் சொல்லத் திருவாசகத்தை அம்பலவாணரே அந்தணர் வடிவில் வந்து ஏட்டில் எழுதியதாகத் தலவரலாறு கூறும். ஓர் அடியாரின் அழுகையையும் ஏக்கத்தையும் இறைவனே அருகமர்ந்து எழுதிக்கொண்டார் என்னும்போது, மனிதரின் மனக்குமுறல் எழுதத் தகாதது என்று எவரால் சொல்ல முடியும்?

புதுவையில் ஒரு நாட்குறிப்பு

நாட்குறிப்பு எழுதுவது மேனாட்டு வழக்கம் என்று எண்ணுவோர் உண்டு. தமிழிலேயே இதற்கு உலகம் வியக்கும் சான்று இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷாகப் பணியாற்றிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் எழுதத் தொடங்கினார். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள், இடையிடையே விட்டுப்போனாலும், எழுதிக்கொண்டே இருந்தார். கப்பல்களின் வருகை, சரக்குகளின் விலை, ஆளுநர் மாளிகைப் பேச்சு, போர்ச் செய்தி, வீட்டு விசேஷம், உடல்நோய் என எல்லாமே அந்த ஏடுகளில் இடம்பெற்றன. அவர் மறைந்து 85 ஆண்டுகளுக்குப் பிறகு, 1846 ஆம் ஆண்டில்தான் அவை அறிஞர் கண்ணில் பட்டன. இன்று பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னக வரலாற்றுக்கு அவையே முதன்மைச் சான்று.

பக்தர்களின் நெஞ்சைத் தொடும் ஒரு பகுதி அதில் உண்டு. 1748 ஆம் ஆண்டு செப்டம்பரில், ஆங்கிலேயப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த வேளையில், நகரின் தொன்மையான வேதபுரீசுவரர் ஆலயம் இடிக்கப்பட்டது. ஆளுநரின் அருகிலேயே இருந்த பிள்ளையால் அதைத் தடுக்க இயலவில்லை. வெளிப்படையாக எதிர்த்துப் பேசும் நிலையிலும் அவர் இல்லை. அன்று நடந்ததையும், மக்கள் பட்ட துயரத்தையும் அவர் தம் ஏட்டில் எழுதிவைத்தார். பின்னாளில் வேதபுரீசுவரருக்கு அதே நகரில் வேறோர் இடத்தில் கோயில் எழுந்தது. இன்றும் அங்கே வழிபாடு நடைபெறுகிறது.

பெரும் செல்வமும் செல்வாக்கும் பெற்றிருந்த ஒருவருக்கும், எவரிடமும் சொல்ல முடியாத துயரம் இருந்தது. அதை ஏட்டிடம் சொல்ல முடிந்தது. மீண்டும் ஒரு முற்றுகையில் புதுச்சேரி வீழ்ந்த 1761 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், அவ்வீழ்ச்சிக்குச் சில நாட்களுக்கு முன்னரே அவர் காலமானார். அவருடைய குடும்பத்தினர் அப்பணியைத் தொடர்ந்தனர்.

பத்தமடை தந்த கேள்விகள்

நாட்குறிப்பை ஆன்மிக சாதனையாகவே வகுத்துத் தந்தவர் சுவாமி சிவானந்தர். திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் 1887 ஆம் ஆண்டு பிறந்து, மலாயாவில் மருத்துவராகப் பணிபுரிந்து, பின் ரிஷிகேசத்தில் துறவு பூண்டவர். 1936 ஆம் ஆண்டில் தெய்வ நெறிக் கழகத்தை நிறுவியவர். நோயாளியின் நிலையை நாள்தோறும் குறித்து வைக்கும் மருத்துவரின் வழக்கத்தை, மனத்துக்கும் அவர் பயன்படுத்தினார் எனலாம்.

அவர் வகுத்த ஆன்மிக நாட்குறிப்பில் நீண்ட கட்டுரை ஏதும் எழுத வேண்டியதில்லை. எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை மணி நேரம் உறங்கினாய், எத்தனை மாலை ஜபம் செய்தாய், எவ்வளவு நேரம் மௌனம் காத்தாய், எத்தனை முறை கோபம் கொண்டாய், எத்தனை பொய் சொன்னாய், தன்னலமற்ற தொண்டு எவ்வளவு நேரம் செய்தாய் என்ற வகையில் கேள்விகள் வரிசையாக இருக்கும். நேரே எண்ணை மட்டும் குறிக்க வேண்டும். மாத முடிவில் அதைத் தமக்கு அனுப்பும்படி சீடர்களைக் கேட்டுக்கொண்டார்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 'நான் கோபக்காரன்' என்று ஒருவர் தம்மைப் பற்றி முடிவு செய்துகொண்டால், திருத்த வழியே இல்லை. 'இன்று மூன்று முறை கோபம்' என்று எழுதினால், நாளை அதை இரண்டாக்கலாம். குணம் என்று தோன்றியது கணக்காக மாறும்போது, மனம் தளராமல் அதைச் சீர்செய்ய முடிகிறது.

பல இல்லங்களில் பாட்டிமார் நோட்டு நோட்டாக 'ஸ்ரீராமஜெயம்' எழுதுவதையும் இத்துடன் நினைக்கலாம். அலைபாயும் மனத்தைக் கையின் அசைவோடு பிணைக்கும் பயிற்சி அது. லிகித ஜபம் எழுதும் வழக்கமுடையோர், அதே நோட்டின் கடைசிப் பக்கங்களில் தம் நாளைப் பற்றி நாலு வரி எழுதத் தொடங்குவது மிக எளிது. எழுதுகோலும் இடமும் நேரமும் ஏற்கெனவே பழகியவை.

ஆய்வு சொல்வது

மனக்குமுறலை எழுதுவதன் பயனை முறையாக ஆராய்ந்தவர்களில் முன்னோடி, அமெரிக்க உளவியல் அறிஞர் ஜேம்ஸ் பென்னபேக்கர். 1986 ஆம் ஆண்டில் அவரும் சாண்ட்ரா பீல் என்பவரும் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் அடுத்தடுத்து நான்கு நாட்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதினார்கள். சிலர் சாதாரணப் பொருள்களைப் பற்றியும், மற்றவர் தம் வாழ்வின் பெருந்துயரைப் பற்றியும் எழுதினார்கள். துயரைப் பற்றி எழுதியோரிலும் சிலர் நிகழ்ச்சியை மட்டும், சிலர் உணர்ச்சியை மட்டும், சிலர் இரண்டையும் சேர்த்து எழுதினார்கள்.

முதலில் நல்ல பலன் ஏதும் தெரியவில்லை. துயரை எழுதியவர்கள் எழுதி முடித்த வேளையில் மேலும் சோர்ந்தே காணப்பட்டார்கள். ஆனால் அடுத்து வந்த மாதங்களில், நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், கல்லூரி மருத்துவ நிலையத்தை நாடியது குறைந்தது. பிற்காலத்தில் எழுத்துகளையே ஆராய்ந்தபோது மற்றொரு செய்தியும் புலப்பட்டது. நாளாக நாளாக, காரணத்தைக் காட்டும் சொற்களும், புரிந்துகொண்டதைக் காட்டும் சொற்களும் யாருடைய எழுத்தில் கூடினவோ, அவர்களே மிகுதியாக நலம் பெற்றார்கள். வெறும் புலம்பல் பயன் தரவில்லை. புலம்பலில் தொடங்கிப் புரிதலில் முடிந்த எழுத்தே பயன் தந்தது. பொருளை உணர்ந்து எழுத வேண்டும் என்று வியாசர் விதித்த நிபந்தனையை இது நினைவூட்டுகிறது.

இதற்குப் பின் வந்த ஆய்வுகள், பலன் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை என்பதையும் காட்டியுள்ளன. நாட்குறிப்பு சர்வரோக நிவாரணி அன்று. ஆயினும் செலவில்லாத, எவரும் செய்யக்கூடிய ஒரு துணை.

நன்றி பாராட்டி எழுதுவதன் பயனை ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ ஆகியோர் 2003 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வாரம் ஒருமுறை, நன்றிக்குரிய ஐந்து செய்திகள் வரை எழுதிய மாணவர்கள், தொல்லைகளைப் பட்டியலிட்டவர்களைவிடத் தம் வாழ்வில் நிறைவும் நம்பிக்கையும் கொண்டிருந்தனர். உறக்கம் வராதோருக்கும் ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 இளையோரிடம் நடத்தி 2018 இல் வெளியான ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் நாளைய வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாக உறங்கிவிட்டார்கள். நாளைய கவலை தாளில் இறங்கியபின், அதைக் காவல் காக்கும் வேலை மனத்துக்கு இல்லை.

மகளின் நான்கு இரவுகள்

மீண்டும் அந்த மகளிடம் வரலாம். தாய் உறங்கிய பின், பூஜை அறை விளக்கின் அருகே, பேரனின் பழைய பள்ளி நோட்டில் மீதமிருந்த பக்கங்களில் அவர் எழுதத் தொடங்குகிறார். 'உ' போட்டாயிற்று, கை ஓடவில்லை. 'இன்றும் கத்தினேன்' என்று ஒரு வரி. அதன்பின் கை நிற்கவில்லை. பதினைந்து நிமிடத்தில் மூன்று பக்கம். எழுதி முடித்தபோது அழுகை வந்தது. அன்றிரவு உறக்கமும் சரியாக இல்லை. இதை ஏன் தொடங்கினோம் என்றுகூடத் தோன்றியது.

இரண்டாம் இரவு எழுதியதில் தாய் குறைவாகவும், அடுத்த தெருவிலேயே இருந்தும் மாதம் ஒருமுறை மட்டும் வந்துபோகும் அண்ணன் அதிகமாகவும் இருந்தார். தாயிடம் காட்டிய கோபத்தின் பாதி, உண்மையில் யாருக்குரியது என்பது எழுத்தில் தெரிந்தது.

மூன்றாம் இரவில், நடந்ததை நடந்தபடி எழுதினார். மாலை ஐந்தரை மணிக்குத் தாய்க்குத் தவிப்பு தொடங்குகிறது. ஆறரை மணிவரை நீடிக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில்தான் சமையல், விளக்கேற்றுதல், கோயிலுக்குக் கிளம்பும் அவசரம் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. மறதி நோயுற்றோருக்கு அந்திப்பொழுதில் தவிப்பு கூடுவது இயல்பு என்று மருத்துவர் முன்பே சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நான்காம் இரவில் ஒரே ஒரு பக்கம். 'அம்மா கேட்பது இந்த வீட்டை அல்ல. அவளுடைய அம்மா இருந்த வீட்டை. அதை என்னால் தர முடியாது. அதனால்தான் கத்துகிறேன்.' அந்த வரியை எழுதிவிட்டு அவர் நீண்ட நேரம் பேசாமல் அமர்ந்திருந்தார்.

மறுநாள் இரண்டு மாற்றங்கள் செய்தார். கோயிலுக்குச் செல்வதைக் காலைக்கு மாற்றிக்கொண்டு, மாலை ஐந்து மணிக்கே எல்லா விளக்குகளையும் ஏற்றி, தாயின் மடியில் மல்லிகைப் பூவையும் நாரையும் வைத்தார். மகளின் பெயரை மறந்த விரல்களுக்குப் பூத்தொடுக்க மறக்கவில்லை. அடுத்ததாக, அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, கோபத்தில் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் அம்மாவை நீங்கள் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றார். ஓராண்டாகக் கேட்க முடியாத அந்த உதவியை, எழுதிப் பார்த்த பிறகு இரண்டே வாக்கியங்களில் கேட்க முடிந்தது.

தாயின் நோய் தீரவில்லை. மகள் அதன்பின் கத்தவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த பிரதோஷத்தன்று அவரால் நிமிர்ந்து சுவாமியைப் பார்க்க முடிந்தது.

தொடங்கும் முறை

விலையுயர்ந்த டைரி தேவையில்லை. சாதாரண நோட்டு ஒன்றை வாங்கி, புதுக்கணக்கு போடும் வணிகர் செய்வதுபோல் மூலைகளில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழியிட்டு, சுவாமி முன் வைத்து எடுத்துத் தொடங்கலாம். நல்ல நாள் பார்க்க விரும்புவோருக்குச் சதுர்த்தி உண்டு, பார்க்காவிட்டாலும் குற்றமில்லை.

நேரமும் இடமும் மாறாமல் இருப்பது நல்லது. விளக்கு மலையேறும் முன்போ, இரவு படுக்கும் முன்போ எழுதலாம். முதல் வாரத்தில் ஐந்து வரி போதும். அன்று நடந்த ஒன்று, அதனால் மனத்தில் எழுந்த உணர்ச்சி, அதற்குக் காரணமாகத் தோன்றுவது, நன்றிக்குரிய ஒன்று, நாளை செய்ய வேண்டிய ஒன்று. இந்த ஐந்தும் வழக்கமான பிறகு, மனம் கனக்கும் நாட்களில் மட்டும் பதினைந்து நிமிடம் தடையின்றி எழுதலாம். நன்றிக்குரியதை எழுதும்போது 'எல்லாம் இறைவன் அருள்' என்று பொதுவாக எழுதாமல், 'இன்று மழை வருமுன் வடகத்தை எடுத்துவைத்த பக்கத்து வீட்டு அம்மாள்' என்று குறிப்பாக எழுத வேண்டும். அருள் யார் கையால் வந்தது என்பதும் அப்போது தெரியும்.

சில நாட்கள் விட்டுப்போனால் வருந்த வேண்டாம். விட்ட நாட்களுக்கும் சேர்த்து எழுத முயல்வதே பலர் கைவிடக் காரணமாகிறது. எழுதாத நாட்களை அப்படியே விட்டுவிட்டு, அன்றைய தேதியிட்டுத் தொடர்ந்தால் போதும். கண்பார்வை மங்கிய முதியோர் சொல்ல, பேரப்பிள்ளைகள் எழுதலாம். வியாசரும் சொன்னவர்தானே!

வீட்டார் காக்க வேண்டிய விரதம் ஒன்றுண்டு. ஒருவரது நோட்டை அவர் அனுமதியின்றி மற்றவர் திறக்கக் கூடாது. மனைவியுடையதைக் கணவரோ, மகளுடையதைத் தாயோ படிக்கத் தொடங்கினால், மறுநாளிலிருந்து அதில் உண்மை இராது. எவர் கண்ணிலும் படக் கூடாதவற்றை எழுதியபின் கிழித்துவிடுவதிலும் தவறில்லை. அவற்றைக் கோயில் குளத்திலோ ஆற்றிலோ இட வேண்டாம், நீர்நிலை மாசுபடும்.

எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. எழுதியபின் சிறிது நேரம் மனம் கனப்பது இயல்பு. ஆனால் வாரக்கணக்கில் ஒரே துயரத்தையே மாற்றமின்றி எழுதிக்கொண்டிருந்தாலோ, எழுதும்தோறும் நிலை மோசமானாலோ, எழுதுவதை நிறுத்திவிட்டு நம்பகமான ஒருவரிடம் பேச வேண்டும். அண்மையில் நேர்ந்த பேரிழப்பை உடனே தோண்டி எழுதவும் வேண்டாம். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு வரியாக வந்தாலும், அது நோட்டோடு நிற்கக் கூடாது. மருத்துவரை உடனே நாட வேண்டும். மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துப் பேசலாம். மருத்துவரை நாடுவது இறைநம்பிக்கைக் குறைவன்று. வைத்தீசுவரனாகவும் தன்வந்திரியாகவும் வழிபடப்படும் இறைவனே மருத்துவன்தான்.

இந்த வாரம்

வீட்டில் பாதி எழுதிய நோட்டு ஒன்று எங்கேனும் இருக்கும். அதைத் தேடி எடுத்துப் பூஜை அறையில் வைக்கலாம். இன்றிரவு பிள்ளையார் சுழிக்குக் கீழே ஒரே ஒரு வரி எழுதினால் போதும். கோயிலில் சுவாமியிடம் சொல்ல நினைத்து, கூட்ட நெரிசலில் சொல்லாமல் திரும்பிய அந்த ஒரு வரியாக அது இருக்கட்டும்.